சுத்தப் பார்வை

பிரம்மசக்தி அந்த நிழலை முதலில் பார்த்தது ஒரு மாலை வேளையில். கீழமுனைத் துறைமுகத்தின் ஏழாம் கிரேன் அப்போது அவள் கையில் இருந்தது. கிரேன் கடலோரத்தில் நின்றது. அவளோ பாளையங்கோட்டையில், நெடுஞ்சாலையோரக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஏசி அறையில், ஆளுயரத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இங்கே கைப்பிடியை இழுத்தால் அங்கே கப்பலின் வயிற்றிலிருந்து ஒரு கன்டெய்னர் பெட்டி எழும்பும்.

பெட்டியைக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கும்போது, கான்கிரீட் தளத்தில் ஒரு மனித நிழல் நீளமாக விழுந்திருந்தது. தலை, தோள், கை, கால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நிழல் நடந்தது; குனிந்தது; எதையோ தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது. அந்த நிழலுக்குரிய ஆள் மட்டும் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் வெயிலும் தளமும்தான் இருந்தன.

அவள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்களைக் கசக்கினாள். மறுபடி பார்த்தபோது நிழலும் இல்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் மேற்பார்வையாளர் ஞானதுரையிடம் போய் நின்றாள்.

"சார், தளத்துல யாராவது வேலை பாக்காங்களா?"

"அங்க யாரும்மா இருப்பா? ஈ காக்கா கிடையாது. டிரெய்னிங்ல சொன்னாங்கல்லா."

"நிழல் ஒண்ணு பாத்தேன் சார். நடந்து போச்சு."

ஞானதுரை சிரித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"கேமரா கோளாறா இருக்கும். ரிப்போர்ட்ல போட்ராதீங்க" என்றார்.

துறைமுகம் வருவதற்கு முன்னால் கீழமுனை உப்பளமாக இருந்தது. பத்து வருடத்தில் உப்புப் பாத்திகளின் மேல் கல்லும் மண்ணும் கொட்டி, கடலுக்குள் நீளமாக அலைத்தடுப்புச் சுவர் போட்டு, ரயில் பாதை இழுத்து, கப்பல் நிற்கும் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார்கள். காற்றாலை இறக்கைகள் அங்கிருந்து போயின. முந்திரிக்கொட்டையும் மரமும் பழைய இரும்பும் அங்கே வந்து இறங்கின. சாலையோரத்தில் லாட்ஜுகள் முளைத்தன. திருநெல்வேலி வரைக்கும் மனை விலை ஏறியது. மனிதர்களே இல்லாத துறைமுகம் என்பதுதான் அதன் பெருமை. ஆள் இல்லை, ஆகவே விபத்து இல்லை. விபத்து இல்லை, ஆகவே வேலை நிற்பதில்லை. விமான நிலையத்துச் சுவரில்கூட அந்தப் படம் ஒட்டியிருந்தது. நீலக் கடல், வரிசையாகக் கிரேன்கள், காலியான சுத்தமான தளம்.

பிரம்மசக்தியின் கணவன் சுயம்பு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம் அதிகமானது.

அதன்பிறகு தினமும் பார்த்தாள். காலையில் நிழல்கள் மேற்கே நீண்டு கிடக்கும், மாலையில் கிழக்கே. உச்சி நேரத்தில் சுருங்கிக் காலடிப் புள்ளிகளாகிவிடும். சில நாட்களில் அவளுக்கு ஆட்களை அடையாளம் தெரிந்தது. ஒரு நிழல் வலது காலைச் சற்று இழுத்து நடந்தது. இன்னொன்று தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தது. ஒருநாள் ஒரு நிழல் பாட்டிலைச் சாய்த்தது. அதிலிருந்து மெல்லிய நிழல்கோடு ஒன்று இறங்க, பக்கத்து நிழல் அதைக் குனிந்து இரு கைகளிலும் ஏந்திக் குடித்தது. பிரம்மசக்தி தன்னை அறியாமல் கிரேனை நிறுத்தி வைத்திருந்தாள்.

பிறகு அவள் வேலையே அப்படி ஆனது. நிழல் விலகும்வரை காத்திருப்பாள். விலகிய பிறகுதான் பெட்டியை இறக்குவாள். அதே அறையில் வரிசையாக உட்கார்ந்து மற்றக் கிரேன்களை ஓட்டியவர்களும் சில சமயம் காரணமில்லாமல் கைப்பிடியை நிறுத்துவதைக் கவனித்தாள். யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

மாதக் கடைசியில் ஞானதுரை அவளைக் கேன்டீனுக்கு வரச் சொன்னார். இரண்டு காப்பி வாங்கி, ஓரத்து மேசையில் உட்கார்ந்தார்.

"உங்க கிரேன்தான் இருக்கறதுலயே மெதுவா ஓடுது. மேல கேக்கான்."

"நிழல் மேல பெட்டிய இறக்கச் சொல்லுதீங்களா சார்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டிய இறக்கும்போது நெஞ்சு உயரத்துல கொஞ்சம் நிறுத்துவீங்கல்லா, பச்சை விளக்கு எரியற வரைக்கும். அது எதுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க?"

"எடை பாக்கறதுக்குன்னு."

"எடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில நாலு மூலையிலயும் பூட்டு இருக்கும். கப்பல்ல ஒரு பெட்டி மேல ஒரு பெட்டி ஆடாம நிக்கறதுக்கு. கரையில வைக்கறதுக்கு முன்னால அதக் கழட்டணும். மிஷின் வச்சுப் பாத்தான். உப்புக் காத்துல துருப்பிடிச்ச பூட்டு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, மிஷினால முடியல. ஆளு கழட்டுதான். பெட்டி தொங்கும்போதே அடியில கைய விட்டு. நாலும் கழண்டா பச்சை எரியும், ஆளு விலகிட்டானான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப ஆளு இருக்காங்க."

"காண்டிராக்டர் ஆளு. உப்பளத்துல வேலை பாத்தவங்கதான், அளம் போனப்புறம் எங்க போவாங்க? ஆனா ஆளில்லாத் துறைமுகம்னு சர்டிபிகேட் வாங்கியாச்சு. அத நம்பித்தான் வெளிநாட்டுக் கம்பெனி எல்லாம் வந்தான். இன்சூரன்ஸும் அதுக்குத்தான் கம்மி. மொதல்ல கேமராவுல ஆளு தெரிஞ்சாங்க. ஆள் தெரிஞ்சா உங்கள மாதிரிதான், எல்லாரும் கைய எடுத்துருதாங்க. கிரேனும் ஆளக் கண்டா தானா நின்னுரும். வேலையே நடக்கல. அப்பதான் இந்த சாப்ட்வேரப் போட்டாங்க. சுத்தப் பார்வைன்னு பேரு. மழை, பறவை, ஆளு, எது வந்தாலும் அழிச்சிட்டு, அது இல்லன்னா அந்த எடம் எப்பிடி இருக்குமோ அப்பிடி வரைஞ்சு காட்டும். பெட்டிய மட்டும் அழிக்காது."

"நிழல?"

"நிழலும் ஆளுதான்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. பாத்து நடந்துக்குங்க" என்றார். அவளுக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

சித்திரை பிறக்கிற சமயம், சூரியன் நேர் உச்சிக்கு வந்த நாள் அது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து, நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இல்லாமல் போவதைக் காட்டுவார்களே, அந்த நாள். பிரம்மசக்திக்கு அது நினைவில்லை. திரையில் தளம் பளிச்சென்று இருந்தது. எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை. சாப்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். பெட்டி நெஞ்சு உயரத்தில் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. இறக்கினாள்.

தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பாரத்தைக் காட்டும் முள் இலேசாகத் துள்ளியது. பெட்டி எதன்மேலோ பட்டுவிட்டுப் பிறகு தரையில் உட்கார்ந்ததுபோல. ஒரு கணம்தான். திரை சுத்தமாக இருந்தது.

அவள் பெட்டியை மறுபடி தூக்கினாள். அடியில் கான்கிரீட் மட்டும் தெரிந்தது, கழுவிவிட்டதுபோல. சாப்ட்வேர் அதையும் வரைந்து கொடுத்திருந்தது.

அவள் கைப்பிடிகளை விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சூரியன் மெல்லச் சாய்ந்தது. ஒவ்வொன்றாக நிழல்கள் தரையிலிருந்து முளைத்தன. எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி நின்றன. நடுவில் எதுவும் இல்லை. பிறகு நான்கு நிழல்கள் குனிந்து, நிமிர்ந்து, எதையோ சுமந்துகொண்டு வரிசையாக நடந்து திரையை விட்டு வெளியேறின. காலை இழுத்து நடக்கும் நிழலை அதன்பிறகு அவள் பார்க்கவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். துறைமுக வாசலில் நின்ற காவலாளி, "உள்ள ஆளே கிடையாதும்மா, யாரப் பாக்கணும்?" என்றான். வாசலுக்கு எதிரே சாலையோரம் முழுக்கக் கடைகள். எல்லாம் பழைய கன்டெய்னர் பெட்டிகளை விலைக்கு வாங்கி, பக்கவாட்டில் அறுத்து ஜன்னல் வைத்தவை. டீக்கடை, செல்போன் கடை, பஞ்சர் கடை. டீக்கடையில் ஐந்தாறு பேர் பேசாமல் நின்றார்கள். ஒருவர் தலையில் முண்டாசு கட்டியிருந்தார். அந்தத் தோளும் அந்த நிற்கும் விதமும் அவளுக்குத் தெரிந்தவை.

அவர் பெயர் மாசானமுத்து. ஐம்பது வயதிருக்கும். அவள் முதலில் யார் என்று சொல்லாமல் டீ வாங்கினாள். பிறகு அடக்க முடியாமல், "நேத்து யாருக்கு அண்ணாச்சி அடிபட்டுச்சு?" என்று கேட்டுவிட்டாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"லிங்கதுரைக்கு. போய்ச் சேந்துட்டான்" என்றார் மாசானமுத்து. "ஆனா உள்ள இல்ல. பைபாஸ்ல லாரி அடிச்சிட்டாம். அப்பிடித்தான் எழுதிருக்கு. நீங்க யாரு தாயி?"

"ஏழாம் கிரேன் ஓட்டுதது நான்தான்."

இளையவன் ஒருவன் கையிலிருந்த கிளாஸைத் தரையில் வீசினான். "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று பாய்ந்து வந்தான். மாசானமுத்து அவனைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். பிரம்மசக்தி அழுதுகொண்டே சொன்னாள். திரையைப் பற்றி, நிழலைப் பற்றி, பச்சை விளக்கைப் பற்றி, நேற்று நிழலே இல்லாமல் போனதைப் பற்றி. அவர்கள் இத்தனை நாளும் கிரேன் ஓட்டுகிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள் என்று நம்பியிருந்தார்கள். சிலர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கமாம்.

மாசானமுத்து இளையவனின் தோளை விட்டார்.

"எங்களத் தெரியவே தெரியாதா?" என்றான் பாய்ந்து வந்தவன். அவன் பெயர் பலவேசம். இப்போது அவன் குரலில் கோபம் இல்லை.

"பெட்டி மட்டுந்தான் தெரியும்."

"பெட்டின்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் மாசானமுத்து.

"மேல நம்பர் எழுதியிருக்கும்லா அண்ணாச்சி. நாலு எழுத்து, ஏழு நம்பர். அத வச்சுத்தான் பெட்டின்னு திரையில கட்டம் போட்டுக் காட்டும். அது இருந்தா அழிக்காது."

சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்து பார்த்தாள். எதிரே டீக்கடையின் நெற்றியில், பெயிண்ட் உரிந்தும் உரியாமலும், அந்த எண் இருந்தது. செல்போன் கடையில் ஒன்று. பஞ்சர் கடையில் ஒன்று. எந்தக் கப்பலிலும் இனி ஏறாத பெட்டிகள். அவற்றின் எண்ணை வேறு யாரும் இனிக் கேட்கப்போவதில்லை.

அன்று சாயங்காலமே ஆறு சட்டைகளில், முதுகிலும் நெஞ்சிலும், வெள்ளைப் பெயிண்டால் அந்த எண்களை எழுதினார்கள். காண்டிராக்டர் கேட்டால் யூனிபார்ம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் மாசானமுத்து. பிரம்மசக்தி அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை திரையில் மனிதர்கள் தெரிந்தார்கள். ஆறு பேர். ஒவ்வொருவரையும் சுற்றி, பெட்டிகளுக்கு வருவதுபோலவே, ஒரு பச்சைக் கட்டம். கட்டத்தின் மேல் எண். அவர்களுடைய முகத்தையும் வேர்வையையும், பலவேசம் வாயில் பீடி வைத்திருப்பதையும் அவள் பார்த்தாள். கிரேன் அவர்களுக்கு மேலே வந்ததும், கீழே சரக்கு இருக்கிறது என்று சொல்லித் தானாக நின்றது. மாசானமுத்து கேமராவைப் பார்த்தார். அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அது குளிர்ந்திருந்தது.

நல்ல நாட்கள் அவை. யாருக்கும் அடிபடவில்லை. ஞானதுரை ஒருநாள் அவள் பின்னால் வந்து நின்று, நடமாடும் கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

"மேல சொல்லியாச்சு" என்றார். "அவங்களுக்குச் சந்தோஷம்தான். ஆளுன்னு தெரிஞ்சாத்தான் பிரச்சினையாம். சரக்குன்னா ஒண்ணுமில்லையாம். சேதாரத்துக்கு இன்சூரன்ஸும் உண்டு."

அவள் திரும்பித் திரையில் நடமாடிய கட்டங்களைப் பார்த்தாள்.

துறைமுகத்தில் எந்தச் சரக்கும் சும்மா கிடக்க முடியாது. கெடு தாண்டினால், அதற்கு ஒரு கப்பலையும் ஓர் ஊரையும் துறைமுகத்தை நடத்தும் கம்ப்யூட்டர் சிஸ்டமே கண்டுபிடித்து அனுப்பிவிடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. பிரம்மசக்திக்கு அது தெரியும். ஆனாலும் அதை இதனோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

ஒருநாள் மத்தியானம் டிரைவர் இல்லாத லாரி ஒன்று காலிப் பெட்டியைக் கொண்டுவந்து, தளத்தின் நடுவில், கதவு திறந்தபடி வைத்துவிட்டுப் போனது. எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போனது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள், அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்தது. கிணற்றடியில் கோழியைப் பிடிக்கத் தானியம் போடுகிறவள்போல, ஒவ்வொரு நாளும் ஓரடி ஓரடியாக.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி அவர்களுடைய காலடியிலேயே இருந்தது. தளத்தில் நெருப்பாக வெயில். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் நுழைவதை அவள் பார்த்தாள். ஒவ்வொன்று நுழையும்போதும் திரையின் ஓரத்தில் ஒரு சொல் எழுந்தது. ஏற்றப்பட்டது. ஏற்றப்பட்டது. ஏற்றப்பட்டது. கடைசியாக அவளுக்கு உத்தரவு வந்தது: கதவு மூடியதும் பெட்டியைக் கப்பலில் ஏற்றவும். சேருமிடம் வளைகுடாவின் ஒரு துறைமுகம். கதவை அடைக்கும் இயந்திரக் கை, தளத்தின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பி மெல்ல உருண்டு வந்துகொண்டிருந்தது.

அவள் போனை எடுத்தாள். மாசானமுத்து வாயில் சோற்றோடு பேசினார்.

"என்ன தாயி?"

"வெளிய வாங்க அண்ணாச்சி! உடனே வெளிய வாங்க!"

"நல்ல நெழலு தாயி. கம்பெனிக்காரன் இப்பந்தான் எங்களுக்குன்னு ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கான். உக்காந்து சாப்பிட..."

"அது உங்கள ஏத்தப்போகுது! கப்பல்ல! நீங்க எல்லாரும் சரக்கு அண்ணாச்சி!"

போனில் ஒரு தூக்குச்சட்டி உருளும் சத்தம் கேட்டது.

"சட்டையக் கழட்டி உள்ளயே போட்டுட்டு வாங்க. சட்டையோட வந்தா நாளைக்கும் இப்பிடித்தான் வரும்."

அவள் திரையையே பார்த்தாள். ஆறு கட்டங்களும் பெட்டிக்குள்ளேயே, ஒன்றின்மேல் ஒன்றாக, அசையாமல் கிடந்தன. வெளியே தளம் பளிச்சென்று காலியாக இருந்தது. உச்சி வெயில். இயந்திரக் கை வந்து கதவை அடைத்தது. தாழ் விழுந்தது. உத்தரவு சிவப்பாக மின்னியது.

ஞானதுரை ஓடி வந்தார். "ஏன் நிக்குது? தூக்குங்க!"

"அண்ணாச்சி, எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்றாள் போனில்.

"வந்தாச்சு தாயி."

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. ஒவ்வொருத்தரா பேரச் சொல்லச் சொல்லுங்க. அவங்க வாயால."

போன் கைமாறியது. காற்றின் இரைச்சலுக்கு நடுவில் ஒவ்வொரு குரலாக வந்தது. பலவேசம். சந்தனராஜ். கொம்பையா. அருளப்பன். சிவனணைஞ்ச பெருமாள். ஒவ்வொரு பேருக்கும் அவள் ஒரு விரலை மடக்கினாள். கடைசியில், "மாசானமுத்து. நான்தான் தாயி" என்று முடிந்தது. ஞானதுரை அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரைக் கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

பிரம்மசக்தி கைப்பிடியை இழுத்தாள். ஆறு சட்டைகளோடு பெட்டி மேலே எழும்பியது.

அதன்பிறகு அந்த எண்களைச் சிஸ்டம் ஏற்கவில்லை. அவை ஊரை விட்டுப் போய்விட்ட எண்கள். அவர்கள் மறுபடியும் மறைந்தார்கள். பெட்டி நெஞ்சு உயரத்தில் நிற்கும்போது, பச்சை விளக்கை நம்பாமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு மாசானமுத்து "ம்" என்று சொன்ன பிறகே அவள் இறக்கினாள். மற்றக் கிரேன்காரர்கள் சிலரும் அவளிடம் வந்து, தளத்தில் இருக்கும் யாருடைய போன் நம்பராவது கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்கள். ஞானதுரை அந்த நேரங்களில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனி மாதத்தில் அவளுடைய திரைக்கு ஒரு ரசீது வந்தது. ஏற்றியவரின் பார்வைக்கு: ஆறு சரக்கும் வந்து சேர்ந்தன. சேதாரம் இல்லை. அத்தாட்சிக்குப் படம் இணைக்கப்பட்டுள்ளது.

அவள் ரசீதை மறுபடி படித்தாள். சேர வேண்டிய துறைமுகமும் ஆளில்லாத் துறைமுகம்தான். அங்கேயும் இதே கிரேன்கள், இதே சாப்ட்வேர். ஆறு பழைய சட்டைகளை யார் எடுத்துப் பார்த்துச் சேதாரம் இல்லை என்று சொல்லியிருக்க முடியும்?

படத்தைத் திறந்தாள்.

மணல் நிறத்தில் வானம். காலியான, சுத்தமான தளம். அதன் நடுவில் ஆறு பச்சைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் ஆள் நின்றான். அவள் ஒருபோதும் பார்த்திராத முகங்கள். ஒருவன் மிக உயரம். ஒருவனுக்கு நரைத்த தாடி. ஒருவன் பையன்போல இருந்தான். ஆறு பேரும் நெஞ்சில் டீக்கடை, செல்போன் கடை, பஞ்சர் கடை எண்களோடு கேமராவை நேராகப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாயங்கால வெயில் தளம் முழுக்கப் பரவியிருந்தது. அதில் எண்ண முடியாத அளவுக்கு நீள நீளமான நிழல்கள், ஆள் இல்லாமல், நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அன்று பஸ் ஏறி டீக்கடைக்குப் போனாள். மனதிலிருந்தபடியே படத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போயிருந்தாள். மாசானமுத்து அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பலவேசம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"இந்த உயரமானவன் நெஞ்சுல இருக்கது என் நம்பரு, போட்டிருக்கது என் சட்டை" என்றான். "பட்டன் மாட்டிருக்கானா? அவனுக்குப் பத்தாதே."

"மாட்டல. தொறந்துதான் இருந்துச்சு."

மாசானமுத்து தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சாலையோரத்தில் நீளமாக நின்ற கடைகளை, ஒவ்வொன்றின் நெற்றியிலும் இருந்த எண்ணையும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"அந்தப் பக்கம் அடுத்த கப்பல் எப்பம் தாயி?" என்றார்.